மூடிய பானையின் சரித்திரம்

1

உணவைப் பற்றி எழுதுவதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. பசியைப் பற்றி எழுதுவோம். பசி பெரிய விஷயம். அதில் அரசியல் இருக்கிறது, தத்துவமும் இருக்கிறது. பயறு எத்தனை நேரத்தில் வேகும் என்பது மட்டும் பெண்கள் பத்திரிகைகளின் சமாச்சாரம். இந்தப் பிரிவினையை நானும் நாற்பது வருஷங்களுக்கு மேல் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். அதைக் கலைத்தது ஒரு பானை.

என் அக்கா மகன் சிகாகோவில் இருக்கிறான். சென்ற தடவை திருச்சிக்கு வந்தபோது, தான் உபயோகித்துக்கொண்டிருந்த ஸ்லோ குக்கர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துவந்தான். கனத்த பீங்கான் பானை. அதைச் சுற்றி உலோக உறை. உறைக்குள் சூடேறும் கம்பி. மேலே கண்ணாடி மூடி. ‘மாமா, காலையிலே எல்லாத்தையும் போட்டு மூடிட்டாப் போதும். சாயங்காலம் ஸ்டூ தயார். எலும்பு, கிழங்கு, பயறு, எது மலிவோ அது. கரண்டு ஒரு யூனிட்தான் ஆகும்’ என்றான். கணக்கு சரிதான். இம்மாதிரிச் சிறிய பானை சுமார் நூறு வாட் இழுக்கும். நூறு வாட் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

அவன் திரும்பிப் போன மறுநாள் பானையை எரித்துவிட்டேன். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. நான் வாங்கிவந்த அடாப்டர் முட்களின் வடிவத்தைத்தான் மாற்றியது, அழுத்தத்தை மாற்றவில்லை. (மேலைநாட்டுக் கோட்பாடுகளை நாம் இங்கே கொண்டுவந்து பொருத்திய விதம் ஞாபகத்துக்கு வந்தது.) சிறிது நேரத்தில் ஒரு வாடை, ஒரு சின்னச் சத்தம். கம்பி போய்விட்டது. பானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உபயோகமற்றுப் போன சாமானைத்தான் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். இந்தப் பானை எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்கச் சமையலறையின் இன்னொரு சோம்பேறிச் சாதனம் என்று நினைத்துக்கொண்டுதான் தேடினேன். தேடியபோது கிடைத்தது வேறு.

இதைச் செய்தவர் இர்விங் நாக்ஸன். 1902இல் நியூ ஜெர்சியில் பிறந்த யூதர். பிறந்தபோது குடும்பப் பெயர் நாகும்ஸோன். அதில் ஜெர்மன் வாடை அடித்ததால் 1945இல் சுருக்கிக்கொண்டார். சிகாகோவில் என்ஜினியராக இருந்தவர். தன் பானைக்கு 1936இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1940 ஜனவரியில் கிடைத்தது. யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் குடும்பத்தார் சொல்லும் விஷயம் இது: அவருடைய தாய் லிதுவேனியாவில் வளர்ந்தவள். சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவள் அம்மா ஒரு பானையை அவளிடம் கொடுத்து ரொட்டிக்காரன் கடைக்கு அனுப்புவாள். பானைக்குள் இறைச்சி, அவரை வகைப் பயறு, கிழங்கு. ரொட்டிக்காரன் அன்றைய வேலையை முடித்து அடுப்பை அணைத்திருப்பான். ஆனால் செங்கல் அடுப்பு உடனே ஆறிவிடாது. ஊரார் பானைகளெல்லாம் அந்த மிச்சச் சூட்டில் இரவு முழுக்க இருக்கும். மறுநாள் தொழுகை முடிந்தபின் போய் எடுத்துவருவார்கள். அந்த உணவின் பெயர் சோலண்ட்.

தாய் மகனுக்குச் சொன்னது ஊர் ஞாபகம். மகன் அதில் கேட்டது வேறு: ரொட்டிக்காரனின் அடுப்பை ஒரு பானையைச் சுற்றி எப்படிச் சுருட்டுவது?

2

மலிவான ஸ்டூ என்பது எது? சரித்திரத்தில் அதில் மூன்று சாமான்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, யாரும் விரும்பாத இறைச்சி. இரண்டு, காய்ந்து இறுகிய பயறு அல்லது தானியம். மூன்று, மிச்சச் சூடு. மூன்றும் மலிவாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். மூன்றும் நேரம் கேட்கின்றன.

இறைச்சியை எடுத்துக்கொள்வோம். மாட்டின் முதுகுத் தசை அதிகம் உழைப்பதில்லை. அது மிருதுவாக இருக்கும், விலை அதிகம். முன்காலும் கழுத்தும் வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன. அவற்றில் கொலாஜென் என்ற நார்ப்பொருள் நிறைய. அவசரமாகச் சமைத்தால் தோல் மாதிரி இருக்கும். கொதிநிலைக்குக் கீழான சூட்டில், ஈரத்தில், மணிக்கணக்காக விட்டால் அந்த நார் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். குழம்புக்குத் திடமும் வழவழப்பும் அதிலிருந்து வருகின்றன. அதிகம் உழைத்த தசைதான் மலிவு. அதிக நேரம் கொடுத்தால் அதுதான் ருசி. விலைச் சீட்டில் இந்த நேரம் எழுதப்படுவதில்லை. யாரோ ஒருவர் கணக்கில் அது பற்று எழுதப்பட்டிருக்கும். அது யார் கணக்கு என்பதுதான் நான் இங்கே கேட்க விரும்புவது.

சோலண்ட் பானையில் அந்தக் கணக்கு விசித்திரமானது. ஓய்வுநாளில் உங்கள் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது யாத்திராகமத்தின் கட்டளை. நெருப்பு மூட்டக் கூடாது என்றால், முந்தின நாள் மூட்டிய நெருப்பு என்ன ஆகலாம்? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. சூடான பானையை எதில் பொதிந்து வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று பட்டியல். சாணம், உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவை கூடாது. அவை தாமாகவே சூட்டைக் கூட்டிவிடும். துணி, தானியம், புறா இறகு, தச்சனின் மரத்தூள் ஆகியவற்றில் வைக்கலாம். அவை இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். சூட்டை உண்டாக்குவதற்கும் காப்பதற்கும் இடையிலான வித்தியாசத்தை, பௌதிகம் என்ற சாஸ்திரம் தலையெடுப்பதற்கு நெடுநாள் முன்பே, ஓய்வுக்காகக் கவலைப்பட்டவர்கள் இத்தனை துல்லியமாக யோசித்திருக்கிறார்கள்.

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கராயர் என்ற பிரிவினர் ஓய்வுநாளில் நெருப்பு இருக்கவே கூடாது என்றார்கள். இருட்டில் உட்கார்ந்து ஆறின உணவை உண்டார்கள். அவர்களுக்கு எதிராக, சனிக்கிழமை சூடான உணவு உண்ணாதவன் வேதவிரோதியோ என்று சந்தேகிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரபி ஒருவர் எழுதினார். ஒரு பானையின் வெப்பநிலை மனிதனின் விசுவாசத்துக்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

அந்த அத்தாட்சியே பிறகு கழுத்துக்குச் சுருக்காக வந்தது. ஸ்பெயினில் இதே பானைக்கு அடஃபீனா என்று பெயர். ‘மூடப்பட்டது’, ‘புதைக்கப்பட்டது’ என்ற பொருள்தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1478க்குப் பிறகு அங்கே மதவிசாரணை மன்றங்கள் ஏற்பட்டன. கிறிஸ்தவர்களாக மாறிய யூதர்கள் உள்ளூரப் பழைய மதத்தை அனுசரிக்கிறார்களா என்று தேடியபோது விசாரணைக்காரர்கள் கேட்ட கேள்விகளில் சமையலறைக் கேள்விகளும் இருந்தன. வெள்ளி இரவு பானை அடுப்பில் இருந்ததா? சனிக்கிழமை புகைபோக்கியில் புகை வந்ததா? சாட்சி சொன்னவர்களில் வேலைக்காரப் பெண்கள் பலர். கொண்டைக்கடலையும் இறைச்சியும் இரவெல்லாம் வெந்தது வாக்குமூலமாகப் பதிவாயிற்று. இன்று ஸ்பெயின்காரர்கள் பெருமையோடு உண்ணும் கொஸீதோ என்ற பெரும்பானைச் சமையல் இந்த அடஃபீனாவின் வழித்தோன்றல் என்று பலர் கருதுகிறார்கள். அதில் பன்றி இறைச்சி சேர்ந்துவிட்டது.

கவிஞர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கவி ஹைனே 1825இல் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவர். 1848இலிருந்து பாரிஸில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். 1851இல் வெளியான ‘ரொமான்ஸெரோ’ தொகுப்பில் ‘இளவரசி சப்பாத்’ என்ற கவிதை இருக்கிறது. அதில் ஷில்லரின் புகழ்பெற்ற ஆனந்தப் பாடலைக் கேலியாக எதிரொலித்து, ஆனந்தம் இருந்த இடத்தில் இந்தப் பானை உணவை வைத்துப் பாடுகிறார். வாரம் முழுக்க நாயாய் அலைந்தவன் ஒரு நாள் மட்டும் இளவரசன் ஆகிறான் என்பது கவிதையின் கரு. கேலி பாதி, ஏக்கம் பாதி. மதத்தை விட்டவனை நாக்கு விடவில்லை என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்தப் பானை ஒருவனுக்கு ஒரு முழு நாளைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நாளில் அவனும் உழைக்கவில்லை, அவன் மனைவியும் உழைக்கவில்லை, வேலையாளும் உழைக்கவில்லை. பானை மட்டும் வேலை செய்தது. ஏழைகளின் மெதுவான சமையலுக்குச் சரித்திரத்தில் கிடைத்த ஒரே கௌரவமான வேஷம் இதுதான் என்று நினைக்கிறேன்.

3

அடுத்து வருவது சர்க்காரின் பானை.

பெஞ்சமின் தாம்ஸன் 1753இல் மாசசூஸெட்ஸில் பிறந்தவர். அமெரிக்க யுத்தத்தில் பிரிட்டிஷ் பக்கம் நின்று வேவு பார்த்தவர். பின்னர் பவேரியாவின் மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து ரம்ஃபோர்ட் பிரபு என்று பட்டம் பெற்றார். பீரங்கிக் குழாய் குடைகையில் எழும் சூட்டைப் பார்த்து, வெப்பம் ஒரு பொருள் அல்ல, ஒருவகை அசைவு என்று 1798இல் வாதிட்டவர் இவர்தான். விஞ்ஞான சரித்திரம் அதற்காக இவரை ஞாபகம் வைத்திருக்கிறது. மெதுவான சமையலும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியவர். உருளைக்கிழங்கை உலர்த்தத் தான் செய்த இயந்திரத்தில் ஒரு தடவை ஆட்டின் தோள் இறைச்சியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. சலித்துப்போய்ச் சமையல்காரப் பெண்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் அதை இரவு முழுவதும் அங்கேயே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் அத்தனை நன்றாக வெந்திருந்தது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் என்ற தத்துவம் ஐரோப்பிய விஞ்ஞானத்துக்குள் நுழைந்தது சமையல்காரப் பெண்களின் மறதியால், அல்லது அவர்களுக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒன்றால்.

1790 ஜனவரி 1ஆம் தேதி ரம்ஃபோர்ட் மூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைப் படையினரைக் கொண்டு பிடித்தார். ஒரு தொழிற்கூடத்தில் வேலைக்கு வைத்தார். அவர்களுக்கு மிகக் குறைந்த செலவில் உணவு வேண்டும். பார்லி, பட்டாணி, பழைய ரொட்டித் துண்டு, புளித்த காடி, உப்பு, தண்ணீர்; மணிக்கணக்கில் மெல்லிய தீ. பிறகு உருளைக்கிழங்கும் சேர்த்தார். அந்நாளில் அங்கே ஜனங்களுக்கு உருளைக்கிழங்கின்மேல் அருவருப்பு. ஆகவே அவர்கள் கண்ணில் படாமல் அதை வேகவைத்து, உருத்தெரியாமல் கரைத்துக் கலந்தார்கள். தின்பவனுக்குத் தான் தின்பது என்னவென்று தெரியாது. ரம்ஃபோர்ட் இதைத் தம் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார், சாமர்த்தியமாகவே எழுதியிருக்கிறார்.

அவர் நம்பியது மற்றொன்று: நெடுநேரம் கொதிக்கும்போது தண்ணீரே சத்தாக மாறுகிறது. இது தவறு. தண்ணீர் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. ஆனால் ஏழைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பில் இருப்பவனுக்கு இதைவிட வசதியான தவறு கிடையாது. ரம்ஃபோர்ட் சூப் ஐரோப்பாவெங்கும் பரவியது.

1847இல் அது அயர்லாந்துக்கு வந்தபோது இன்னும் நாகரிகமாகியிருந்தது. உருளைக்கிழங்கு நோயால் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த வருஷம். லண்டனில் சீமான்கள் கூடும் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் அலெக்ஸி ஸொயர் டப்ளினுக்கு அழைக்கப்பட்டார். அவருடைய முதல் செய்முறையில் இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு இறைச்சி. நூறு காலன் சூப் ஒரு பவுனுக்கும் குறைவான செலவில் ஆகும் என்றார். மருத்துவர்களும் பத்திரிகைகளும் இதில் சத்து எங்கே என்று கேட்டார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி மாதிரி உணவுச்சாலை திறக்கப்பட்டது. மணி அடிக்கும், நூறு பேர் உள்ளே வருவார்கள். ஒவ்வொரு கிண்ணத்தோடும் சங்கிலியில் கட்டிய கரண்டி. ஆறு நிமிஷத்தில் குடித்துவிட்டு மறுவாசலால் வெளியேற வேண்டும், மறுபடி மணி. கனவான்களும் சீமாட்டிகளும் ஐந்து ஷில்லிங் நன்கொடை கொடுத்து இதைப் பார்வையிட வந்தார்கள். மணிக்கணக்கில் வெந்ததை ஆறு நிமிஷத்தில் குடிக்க வேண்டும். வரிசையில் நிற்கும் நேரம் கணக்கில் இல்லை. அது ஏழையின் நேரம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவ்வருஷக் கோடையில் சர்க்கார் சூப் சாலைகள் அயர்லாந்து முழுவதும் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு உணவளித்தன. அந்தப் பஞ்சத்தில் நடந்த நிவாரணங்களில் பலன் தந்தது அதுதான். அதைத்தான் சில மாதங்களில் மூடினார்கள்.

எத்தனை குறைவாகக் கொடுத்தால் உடம்பு நிற்கும்? இதே கேள்வி முப்பது வருஷம் கழித்து நம் ராஜதானியில் கேட்கப்பட்டது. தாது வருஷத்துப் பஞ்சத்தின்போது, 1877 ஜனவரியில், சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவனின் கூலியில் தானியக் கணக்கை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மூன்று வருஷம் முன்பு பீகாரில் அதிகமாகச் செலவழித்தார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். சென்னை சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்தக் கூலியில் கல்லுடைப்பவன் உடம்பு தன்னைத்தானே தின்னும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் போனவர்கள் போனவர்கள்தான். நம் கிழவிகள் வாயில் ‘கஞ்சித்தொட்டி’ என்ற சொல் வசவாக நிலைத்தது சும்மா இல்லை. அந்தக் கஞ்சியில் சத்து குறைவு என்பதோடு வேறொன்றும் உறுத்தியிருக்க வேண்டும். பானை அவர்களுடையதல்ல. மூடியைத் திறக்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை.

4

நாக்ஸனுக்குத் திரும்புகிறேன். அவர் பானை 1950களில் சிற்றுண்டிக் கடைகளில் பயறு வேகவைக்கும் சாதனமாக விற்றது. பெரிய வெற்றி இல்லை. ஓய்வுபெறும் வயதில், 1970இல், கான்ஸாஸ் சிட்டியிலிருந்த ரைவல் கம்பெனிக்குத் தம் தொழிலை விற்றார். அவர்கள் அதற்குப் புது நிறம் பூசி 1971இல் ‘கிராக் பாட்’ என்று பெயர் சூட்டினார்கள். நாலைந்து வருஷங்களில் அமெரிக்கச் சமையலறைகளை அது பிடித்துக்கொண்டது.

ஏன் 1971? அதே பானை முப்பது வருஷமாகக் காப்புரிமையோடு இருந்ததே. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, இறைச்சி விலை ஏறிற்று, மின்சாரச் சிக்கனம் தேவைப்பட்டது. இவை காரணங்கள்தான். பெரிய காரணம் வேறு. 1970இல் அமெரிக்காவில் வயதுவந்த பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். 1980இல் இது 51ஐத் தாண்டியது. சமைப்பவள் வெளியே போயிருக்கும்போது பானை நாள் முழுக்கச் சமைக்கும் என்பதே விளம்பரத்தின் சாரம். சோலண்ட் பானை மனிதர்களை ஓய்வுக்கு அனுப்பியது. இந்தப் பானை பெண்ணை ஆபீசுக்கு அனுப்பியது; அவள் திரும்பி வந்தவுடன் பரிமாறவும் சொன்னது. அவள் நேரம் மிச்சமாயிற்று, உண்மை. அந்த மிச்சத்தைச் சம்பளம் கொடுப்பவன் வாங்கிக்கொண்டான். புருஷன் சமையலறைக்குள் வர வேண்டிய அவசியத்தையும் பானை கொஞ்சம் ஒத்திப்போட்டது.

ஆனாலும் இதை வெறும் ஏமாற்று என்று தள்ள என்னால் முடியவில்லை. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து நேரே இம்மாதிரிப் பானையில் போடக் கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப்புரதம் கொதிநீரில்தான் அழியும். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரியில், மணிக்கணக்காக வைத்தால் நஞ்சு குறையாது, கூடவும் செய்யலாம். ஊறின நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்தபின்தான் மெதுவாக்கலாம்.

5

எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டின்னின் அடியில் பக்கவாட்டில் ஒரு துவாரம். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டித்து, பாட்டிலை மெல்ல உருவி எடுத்தால் நடுவில் குழாய்மாதிரி வழி. கீழிருந்து பற்றவைத்தால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மரக்கடையிலிருந்து சாக்கில் தூள் சுமந்துவருவது என் வேலை. கெட்டிப்பது அம்மாவின் வேலை. கொள்ளும், சில நாட்களில் பொன்மலைச் சந்தையில் மலிவாகக் கிடைத்த எலும்பும் அதில் வேகும். அந்த ருசியைப் பற்றி நான் கதை எழுதியிருக்கிறேன். மண்சட்டி, தாழ்ந்த தீ, அம்மாவின் கை என்று வழக்கமான சொற்கள்.

அந்தக் கதையில் எழுதாதது: தூள் ஈரமாக இருந்தால் புகையும், தளர்ந்தால் இடிந்து தீ அணையும். அதனால் அம்மா அதன் பக்கத்தை விட்டு நகர முடியாது. லிதுவேனியாவில் அடுப்பு ரொட்டிக்காரனுடையது, அது தானாக ஆறும். எங்கள் வீட்டு மெதுவுக்கு ஓர் ஆள் காவல். மிஷ்னாவின் பட்டியலில் மரத்தூள் என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்குத் துணுக்கென்றது. அவர்கள் அதை எரிக்கவில்லை. அதற்குள் பானையைப் புதைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அதே மரத்தூள் எங்கள் வீட்டில் சாக்கு சாக்காக இருந்தது. பானையை அதில் புதைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை, அம்மாதான் இருந்தாளே.

1978இல் எனக்குக் கல்யாணம். என் மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, முறைமாற்றி டியூட்டி. காலை டியூட்டி என்றால் நாலு மணிக்கு எழுந்து சமைப்பாள். அந்த வருஷங்களில்தான் நாங்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி நடுநிசிவரை பேசினோம். காலம் என்ற பிரக்ஞையைப் பற்றி, நாவலில் காலத்தின் நகர்வைப் பற்றி, அவசரமற்ற வாசிப்பைப் பற்றி. அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். எங்களுடைய அவசரமின்மை யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி ஒரு நாளும் விவாதத்துக்கு வரவில்லை. ‘இலக்கியத்தில் காலம்’ என்று நான் எழுதிய கட்டுரையை அப்போது சிலர் பாராட்டினார்கள்.

சென்ற மாதம் எரிந்த பானையின் உறையைக் கழற்றி எறிந்தேன். பழைய மரப்பெட்டி ஒன்றில் பக்கத்துத் தொழுவத்திலிருந்து வாங்கிவந்த காய்ந்த வைக்கோலை அடைத்து, நடுவில் பானைக்குக் குழி செய்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர்கள் இதேமாதிரி ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்களிலும் எரிபொருள் இல்லாத ஐரோப்பியக் குடும்பங்கள் வைக்கோல் பெட்டியில் சமைத்திருக்கின்றன. மாட்டின் முன்கால் எலும்புக்கறி அரைக் கிலோ கேட்டேன். ‘சூப்புக்கா சார்?’ என்றார் கறிக்கடை பாய். இரவு ஊறின கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி பார்லி, மூன்று உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம், மிளகு, உப்பு. அடுப்பில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். பானையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொதிக்கிறதை அப்படியே அதில் மாற்றி, மூடி, பழைய ஜமுக்காளத்தால் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மேலேயும் வைக்கோல் பரப்பினேன். காலை எட்டு மணி. பெட்டியை நடுவில் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும். இரண்டு மணிக்கு எடுத்தபோது மூடியைத் தொட முடியவில்லை. இன்னொரு தடவை கொதிக்கவைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆறிக்கொண்டிருந்த உணவை அப்படியே நம்பக் கூடாது. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது.

என் மனைவி ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு ஒரு கல் குறைவு என்றாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். வைக்கோலில் கையை விட்டு, பானை இருந்த குழியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

‘இதுக்கு வேற ஒண்ணும் வேண்டாமா?’

‘வேண்டாம்.’

‘இந்த வைக்கோல் அப்பவும் இருந்துதே’ என்றாள்.

இருந்தது. தொழுவம் அப்போது எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது.